காய்ச்சல் தணிந்த பிறகும் கண்காணிப்பு வேண்டும்

கடலூர், விழுப்புரம் மாவட்ட மக்களே,

மூளைக்காய்ச்சலில் பிழைத்து, பின்னர் வலிப்பு நோய்க்கு ஆளான பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: மூளைக்காய்ச்சல் வந்து குணமானவரை, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதோடு விட்டுவிடாதீர்கள். வலிப்பு சில மாதம் கழித்தும் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம். வந்தால் பழைய காய்ச்சலைச் சொல்லி, உடனே மருத்துவம் பாருங்கள்.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1955-இல் வேலூரில்தான். நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரையிடமிருந்தும் வைரஸைச் சுமந்து வந்து நம்மைக் கடிக்கிறது. தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. முற்றிவிட்டால் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்போ, கைகால் முடக்கமோ, பேச்சுக் குறைபாடோ தங்கிவிடுகிறது. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸும் அரிதாக மூளையைத் தாக்கும். அதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. நரம்பு வழியாக எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவுக்கு மூளை தப்பும்.

காய்ச்சல் போன பிறகு வலிப்பு ஏன் வருகிறது? வைரஸ் நரம்பு செல்களை அழிக்கிறது. அதை எதிர்க்க உடல் கிளப்பும் அழற்சியும் அக்கம்பக்கத்துச் செல்களைச் சேதப்படுத்துகிறது. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. மிஞ்சிய செல்கள் தங்களுக்குள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. அவற்றில் தூண்டும் சமிக்ஞை ஓங்கி, அடக்கும் சமிக்ஞை தளர்ந்தால், செல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடும். அதுதான் வலிப்பு. இந்த மாற்றங்கள் மெல்ல மெல்ல நடப்பதால்தான் நடுவே இவ்வளவு காலம் ஓடிவிடுகிறது. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் நடந்து 1988-இல் வெளியான ஆய்வு இதைக் கணக்கிட்டது. வைரஸ் மூளைக்காய்ச்சலின்போதே வலிப்பு கண்டவர்களில் 22 சதவீதத்தினருக்கும், அப்போது வலிப்பு வராதவர்களில் 10 சதவீதத்தினருக்கும், 20 ஆண்டுகளுக்குள் பின்னர் வலிப்பு வரும் வாய்ப்பு இருந்தது. முதல் ஐந்து ஆண்டுகளில்தான் ஆபத்து அதிகம்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து வெட்டி இழுப்பது மட்டுமல்ல. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று நிறுத்தி, ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும். வாய் வெறுமனே மெல்லும். விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் திரும்பாது. ஓரிரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. இதுவும் வலிப்புதான். ஆசிரியர்களே, வகுப்பில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் கவனக்குறைவு என்று திட்டாமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, அதைக் கைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்றதற்கான டிஸ்சார்ஜ் சம்மரியை எத்தனை வருஷமானாலும் பத்திரமாக வையுங்கள்.

காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, விழிக்காத தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம். வாயில் தண்ணீர், துணி, கரண்டி எதுவும் கூடாது. ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஒருநாள்கூட மாத்திரையை நிறுத்தாதீர்கள். சரியான மருத்துவம் கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. நோய் பரவும் மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. நடவு வேலையில் இரண்டாவது ஊசி தவறிப்போகிறது என்றால், கிராம சுகாதார செவிலியரிடம் உடனே கேளுங்கள். தட்டம்மை ஊசியும் தவறக் கூடாது. அந்த வைரஸும் பல ஆண்டு கழித்து மூளையை அழிக்கவல்லது. பன்றிப் பட்டிகள் வீடுகளை விட்டுத் தள்ளி இருக்கட்டும். பிள்ளைகள் கொசுவலைக்குள் தூங்கட்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருவதுபோல வலிப்பு மாத்திரைகளும் வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவை ஒரு மாதமும் இல்லை என்று சொல்லப்படக் கூடாது. மூளைக்காய்ச்சலில் பிழைத்த ஒவ்வொருவரையும் குறைந்தது ஐந்து ஆண்டு தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்.

ஊராரே, வலிப்பு தொற்றாது. பரம்பரைச் சாபமும் அல்ல. 1999-இல் இந்து திருமணச் சட்டமே வலிப்பைத் தடைகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலும் வேலையிலும் கல்யாணப் பேச்சிலும் ஒதுக்காதீர்கள். அடுத்த கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இந்த வேண்டுகோளை உரக்க வாசியுங்கள். உங்கள் தெருவில் மூளைக்காய்ச்சலில் பிழைத்த பிள்ளை இருந்தால், அந்த வீட்டாரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

இப்படிக்கு,
மூளைக்காய்ச்சலில் மீண்ட பிள்ளைகளின் பெற்றோர்