ஆதி மனிதனின் காலடி

மனிதன் ஆதியில் எப்படி வாழ்ந்தான் என்கின்ற பேச்சு எழும்போதெல்லாம், பெரும்பாலோர் ஏட்டைத் தூக்கிக்கொண்டு வருவதே வழக்கமாக இருந்து வருகின்றது. அந்த ஏட்டை எழுதினவன் யார்? எப்பொழுது எழுதினான்? எழுதியதைத் தன் கண்ணால் கண்டானா? என்று கேட்டாலோ பதில் வருவதில்லை. கேட்டவனுக்கு நாஸ்திகன் என்கின்ற பட்டம்தான் வருகின்றது. எழுத்து என்பதே உலகத்தில் ஏறக்குறைய 5000 ஆண்டுப் பழமை உள்ளதுதான். அதற்குமுன் பல லட்சம் ஆண்டுகள் மனிதன் நடந்தும், உண்டும், உறங்கியும், பிள்ளைகளை வளர்த்தும் வாழ்ந்திருக்கின்றான். அக்காலத்துக்குச் சாட்சி சொல்ல எந்த ஏட்டுக்கும் யோக்கியதை கிடையாது. அந்த யோக்கியதை உடைய சாட்சிகளில் ஒன்று மனிதனின் காலடிச் சுவடு. அதைப்பற்றியே இவ்வாரம் சிறிது எழுதப் புகுகின்றோம்.

எலும்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். நரி இழுத்துக்கொண்டு போகும். கல்லாயுதம் பல கை மாறும். காலடியோ வைத்தவன் வைத்த இடத்திலேயே இருப்பது. 'மண்ணில் பதிந்த அடி மறுநாளே அழிந்துவிடுமே, லட்சக்கணக்கான வருஷம் எப்படி இருக்கும்?' என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆப்பிரிக்காவில் டான்சானியா தேசத்தைச் சேர்ந்த லேட்டோலி என்னுமிடத்தில் எரிமலைச் சாம்பல் தரையில் படிந்தது. அதன்மேல் தூறல் விழுந்தது. அத்துளிகள் செய்த குழிகள்கூட இன்றும் காணப்படுகின்றன. ஈரச் சாம்பலில் நடந்தவர்களின் அடிகள் பதிந்தன. சாம்பல் காய்ந்து சிமிட்டி போல் இறுகிற்று. மறுபடியும் சாம்பல் கொட்டி மூடிவிட்டது. இதில் அற்புதம் ஒன்றுமில்லை. கொத்தனார் பூசிய ஈரத் தரையில் கோழி நடந்துபோனால் என்ன ஆகுமோ, அதுவேதான் ஆயிற்று.

மேரி லீக்கி என்கின்ற அம்மையாரின் கூட்டத்தார் 1978-ல் அவ்விடத்தில் சுமார் 27 மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து போகும் காலடிகளைக் கண்டார்கள். சாம்பலிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு பகுதி காலக்கிரமத்தில் ஆர்கான் வாயுவாக மாறும் கணக்கைக்கொண்டு, அவ்வடிகளுக்குச் சுமார் 36 லட்சம் ஆண்டு வயது என்று கண்டிருக்கின்றார்கள். குதிகாலை முதலில் ஊன்றி, நம்மைப் போலவே இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவர்களின் அடிகள் அவை. ஒருவர் வைத்த அடியிலேயே மற்றொருவர் அடி வைத்துப் போயிருப்பதும் தெரிகின்றது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய கல்லாயுதத்திற்கே வயது 33 லட்சம் ஆண்டுதான். முதலில் மூளை பெருத்தது, பிறகே மனிதன் நிமிர்ந்தான் என்று ஒரு காலத்தில் பண்டிதர்களில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடியே இங்கிலாந்தில் 1912-ல் பில்ட்டவுன் மண்டையோடு என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது புரட்டு என்று 1953-ல் வெளியாயிற்று. கால் முந்தி, பெரிய மூளை பிந்தி என்பதற்கு இந்தச் சாம்பல் தரையும் சாட்சியாய் இருக்கின்றது.

நிற்க, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் என்னும் வறண்ட ஏரித் தரையில் ஒன்றரைக் கிலோ மீட்டருக்கு மேற்பட்டு நீளும் ஒரு தடம் உண்டு. 10,000 ஆண்டுகளுக்கு முன், ஒரு பெண்ணோ அல்லது ஒரு வாலிபனோ, ஒரு சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி விரைவாக நடந்திருக்கின்றார். அங்கங்கே குழந்தையை இறக்கிவிட்டிருக்கின்றார். அங்கெல்லாம் சிற்றடிகள் பதிந்திருக்கின்றன. அதே வழியில் அவர் திரும்பி வந்திருக்கின்றார்; வரும்போது குழந்தையின் அடி இல்லை. இடையில் ஒரு மாமத யானையும், பூமியில் இப்போது இல்லாத ராட்சதத் தேவாங்கு போன்ற ஒரு மிருகமும் அத்தடத்தைக் கடந்து போயிருக்கின்றன. குழந்தையை யாரிடம் விட்டார் என்று தடம் சொல்லவில்லை. சொல்லாததை நாமும் சொல்லப் போவதில்லை. கை வலித்தால் குழந்தையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை மட்டும் அது சொல்லுகின்றது.

பிரான்சில் லெ ரோசெல் கடற்கரையில் 80,000 ஆண்டுகளுக்கு முந்திய நியாண்டர்தால் மனிதர்களின் 257 அடிகளைப் பற்றி 2019-ல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை சிறுவர்களுடையவும் இளைஞர்களுடையவும் ஆகும். டான்சானியாவில் எங்காரே செரோ என்னுமிடத்தில் ஒரே திசையில் சேர்ந்து போன 17 பேரின் தடத்தை அளந்து, அவர்களில் 14 பேர் பெண்கள் என்று 2020-ல் கணக்கிட்டார்கள். கூட்டமாய் உணவு தேடப் போனவர்களாய் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆதிகாலம் என்றால் ஈட்டி பிடித்த ஆண்பிள்ளையை மாத்திரம் படம் எழுதிக் காட்டுகின்றவர்கள், இந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று கேட்கின்றோம்.

இன்னொரு சங்கதி முக்கியமானது. பிரான்சில் டுக் டோடூபேர் என்கின்ற குகையில், களிமண்ணால் செய்த காட்டெருமை உருவங்கள் இருக்கும் இடத்துக்கு அருகே குதிகால் மட்டும் பதிந்த சுவடுகள் பல இருக்கின்றன. அதைப் பார்த்த படித்தவர்கள், ஏதோ சடங்கு நடனம் ஆடியிருக்கின்றார்கள் என்று எழுதிவந்தார்கள். 2013-ல் நமீபியா தேசத்து வேடர்கள் மூவரை அங்கே அழைத்துப் போனார்கள். மிருகத்தின் தடம் பார்த்தே பிழைக்கும் அவர்கள் அச்சுவடுகளைப் பார்த்து, இது நடனமல்ல. ஒரு பெரியவரும் ஒரு பையனும் குழியிலிருந்து களிமண் எடுத்துச் சுமந்து போன அடி என்றார்கள். அதாவது, பண்டிதர் கண்ணுக்குச் சடங்காய்த் தெரிந்தது, உழைக்கின்றவன் கண்ணுக்கு உழைப்பாய்த் தெரிந்தது! அறிவு என்பது பட்டத்திலோ அங்கியிலோ இல்லை, பார்த்துப் பழகிய கண்ணிலும் இருக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு என்ன ருஜு வேண்டும்?

'உங்கள் ஆராய்ச்சிக்காரர்களும் மாற்றி மாற்றித்தானே பேசுகின்றார்கள்' என்று சிலர் பரிகாசம் செய்யக்கூடும். ஆம், மாற்றுகின்றார்கள். ஒயிட் சாண்ட்ஸில் உள்ள வேறு சில அடிகளுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வயது என்று 2021-ல் சொன்னபோது, கணக்குக்கு எடுத்துக்கொண்ட நீர்ச்செடி விதையால் தப்பு வரலாம் என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபித்தவர்களை யாரும் சபிக்கவில்லை. தரையில் வளரும் மரத்தின் மகரந்தத்தையும், மணலிலுள்ள படிகக் கல்லையும் கொண்டு தனித்தனியே சோதித்து, முன் சொன்ன காலத்தோடு ஒத்திருக்கின்றது என்று 2023-ல் காட்டினார்கள். சந்தேகிப்பவனை வாயை மூடச் சொல்லுவது ஒரு முறை. அவன் கேள்விக்காக மறுபடியும் மண்ணைத் தோண்டிப் பார்ப்பது மற்றொரு முறை. இரண்டில் எது மனிதனுக்கு ஏற்றது என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

இச்சாட்சிகள் நிரந்தரமானவையும் அல்ல. இங்கிலாந்தில் ஹேப்பிஸ்பர்க் கரையில் 8 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட காலடிகளைக் கடல் 2013-ல் திறந்து காட்டிச் சில வாரங்களுக்குள்ளாகவே அழித்தும் விட்டது. அதற்குள் ஓடிப்போய்ப் படம் பிடித்து அளவெடுத்தவர்களாலேயே அவை நமக்குக் கிடைத்தன. ஆதலால், பழைமையில் உண்மையான பக்தி உள்ளவர்கள் ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுவதை விட்டுவிட்டு, தங்கள் காலடியிலுள்ள மண்ணைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.