மனநோய்ப் பதிவேடுகள்

2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சாராயத்தை விற்றவன் யார், விட்டுவைத்தவன் யார் என்று நாடு கேட்டது, நியாயமே. ஆயின், கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. குடியை விடமுடியாது அதற்குமுன் வைத்தியம் நாடி வந்தோர் எத்தனை பேர்? பாதியில் நின்றுவிட்டோர் எத்தனை பேர்? ஏன் நின்றனர்?

இதற்கு விடை ஓரளவு சர்க்கார் கையிலேயே இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகாவிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ ஒருவர் குடிநோய்க்கோ மனநோய்க்கோ சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தால், அவருடைய பெயர், வயது, ஊர், நோய், மருந்து யாவும் பதிவேட்டில் ஏறுகின்றன. மருந்துக் கணக்கும் மாதாந்தர அறிக்கையும் முடிந்ததும் அதன் வேலை முடிந்ததென்று நினைப்பது பெருந் தவறு.

அன்னிய சர்க்காரும் கணக்கு எழுதிற்று. சென்னை ராஜதானியின் பைத்தியக்கார விடுதிகளில் அடைபட்டோர் தொகை, இறந்தோர் தொகை, ஆன செலவு ஆகியவற்றை அறிக்கையாக அச்சிட்டது. அது ஆள்வோருக்கான கணக்கு. சுயராஜ்யத்தில் எழுதும் கணக்கு நோயாளிக்குப் பயன்பட வேண்டாமா? டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து தேசங்கள் இத்தகைய பதிவுகளை ஆராய்ந்துதான், மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட 15 முதல் 20 வருஷம் முன்னதாகவே மாண்டுபோவதைக் கண்டன. தற்கொலை மட்டுமன்று, கவனிப்பாரற்ற உடல் நோய்களும் அவர்களைக் கொண்டுபோகின்றன.

பதிவேட்டைத் திறந்தால் மானம் போய்விடுமே என்பர் சிலர். அந்த அச்சம் வீணன்று. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு நோயாளியின் இரகசியத்தை அவரது உரிமையாக்கியிருக்கிறது. சம்மதம் அளிக்க இயலாதவரின் நோய்க் குறிப்புகளையும், அவர் இன்னாரென்று தெரியாதபடி காத்தே ஆராயலாம் என்கிறது 99-வது பிரிவு. ஆனால் பெயரை மட்டும் அடித்துவிட்டால் போதுமா? மலைமேல் ஒரு சிற்றூரில் 30 வயது விதவைக்கு இன்ன நோய் என்று அச்சிட்டபின், பெயர் எதற்கு? ஊரே அறியும். அப்புறம் அவளும் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டாள். அவளைக் கண்ட மற்றவர்களும் ஏறமாட்டார்கள்.

ஆகவே, நாம் வற்புறுத்துவது இது. பெயர், விலாசம், ஆதார் எண் யாவும் ஆஸ்பத்திரியிலேயே நீக்கப்பட வேண்டும். கணக்கு கிராமவாரியாக அன்றித் தாலுகாவாரியாக வெளிவர வேண்டும். சம்மதம் சொல்லக்கூடியவரைக் கேட்பதே முறை. ஆராய்ச்சிக்கென்று எடுத்த ஏடு போலீஸாரிடமோ, வேலை கொடுக்கும் முதலாளியிடமோ, இன்ஷியூரன்ஸ் கம்பெனியிடமோ போகலாகாது. கண்ட முடிவு தமிழில் அச்சாகி, அந்தத் தாலுகா ஜனங்களிடமே திரும்பி வரவேண்டும்.

நோயாளி தன் துன்பத்தைச் சொன்னது சர்க்காரை நம்பி. அந்த நம்பிக்கையை விற்பதும் துரோகம். அவர் சொன்னதைக் கரையானுக்கு விடுவதும் துரோகமே.