பீடி ஏறியது, தொட்டி ஏறவில்லை

என் மாமாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீடி குடிப்பீங்களா?" குடிப்பார். ஒரு நாளைக்கு நாலைந்து. அது சீட்டில் ஏறியது. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினார்கள். அந்தக் கூலி, ஓசூரில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் பதினேழு வருஷம் குரோம் தொட்டியின் மேல் குனிந்து நின்ற கூலி. அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தெரியாது.

வண்டி பாகங்களைப் பளபளக்க வைக்கும் அந்தத் தொட்டியில் இருந்தது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். மின்சாரம் பாயும்போது குமிழிகள் எழும்பி உடையும். அந்தத் தூவல் நேராக மூச்சுக்குள் போகும். முதலில் மூக்கில் புண் வரும், நாளடைவில் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். நுரையீரலில் புற்று தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் வைத்திருக்கிறது. பென்சீன், வெல்டிங் புகை, கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் பறக்கும் சிலிக்கா தூசி எல்லாம் அதே பிரிவுதான். புகையிலையும் அதே பிரிவுதான். பீடியை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் பீடி என்று எழுதினால் குற்றம் மாமாவோடு முடிந்துவிடுகிறது. தொட்டி என்று எழுதினால் முதலாளி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

தொட்டியடிக்கு யாரை அனுப்புகிறார்கள்? மாமாவின் பட்டறையில் ஆபீசிலோ குவாலிட்டி பிரிவிலோ எங்கள் காலனி ஆள் ஒருவர்கூட இருந்ததில்லை. தொட்டி கழுவவும் அடியில் தங்கும் சேற்றை அள்ளவும் மட்டும் எங்கள் ஆட்கள். "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்பாராம் காண்ட்ராக்டர். என்ன பழக்கம்? செத்த மாடு தூக்கிய தாத்தாவின் பழக்கமா?

இதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ராணிப்பேட்டை. மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். கழிவுக்கு டன் கணக்கு வைத்திருக்கிறோம். அதில் நின்ற ஆட்களுக்கு?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் புற்றுநோய் இருந்தது. அதைக் கண்டறியும் டாக்டர் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று அது சொன்னது. என்ன வேலை செய்தாய் என்றே கேட்காதவர் எதை எழுதுவார்? ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். குரோமுக்கும் பென்சீனுக்கும் சிலிக்காவுக்கும் இதைக் கேட்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துத்தான். மாமாவுக்குப் பதினேழு வருஷத்தில் நாலு காண்ட்ராக்டர். எங்களிடம் மிஞ்சியது ஓர் இ.எஸ்.ஐ. அட்டை, அதிலும் கடைசி இரண்டு வருஷம்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது எங்கள் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில். பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகிறார்கள், நல்ல திட்டம். அந்த வாசலிலேயே இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: எங்கே, என்ன வேலை, எத்தனை வருஷம்?

அதுவரை நாங்களே கேட்டுக்கொண்டிருக்கிறோம். மாமாவோடு அந்தத் தொட்டியில் நின்றவர்கள் ஏழு பேர். படுக்கையில் கிடந்தபடி பெயர்களைச் சொன்னார், நான் நோட்டில் எழுதினேன். ஐந்து பேரின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அதில் இரண்டு வீட்டில் ஆள் இல்லை, மாலை போட்ட போட்டோதான் இருந்தது. மிச்சம் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். அவர்கள் ஊர்ப் பெயர் மாமாவுக்கு ஞாபகம் வரவில்லை.