டேப்லெட் கொடுத்தா மட்டும் போதுமா? முதல்ல ஒரு பருவம் சோதிச்சுப் பார்ப்போம்!



இது கொஞ்சம் நீளமான பதிவு. மீம் இல்ல, ரீல்ஸ் இல்ல. ஆனா நம்ம புதுச்சேரி அரசுப் பள்ளிப் பிள்ளைங்களோட விஷயம். ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுக்கி முழுசா படிச்சிடுங்க.

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவுல ஒரு தோழர் கேட்டார்: "எல்லா மாணவருக்கும் இலவச டேப்லெட்னு நம்ம தேர்தல் அறிக்கையில ஒரு வரி சேர்த்தா செமயா இருக்கும்ல? போஸ்டர் ரெடி பண்ணிடலாமா?" அடுத்த அஞ்சு நிமிஷத்துல முப்பது பேர் கைதட்டல் போட்டாங்க. நான் போடல. ஏன் போடலன்னு அவர் தனியா கேட்டார். அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

நான் படிச்சது இன்ஜினியரிங். கட்சியில பார்க்கிறது ஐடி விங் வேலை. டேப்லெட் வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா நாலு மாசமா பிள்ளைங்க கையில டேப்லெட்டைக் கொடுத்து, பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். அந்த அனுபவத்துல இருந்து பேசுறேன்.

வைத்திக்குப்பத்துல நாங்க பார்த்தது

நானும் ரெண்டு நண்பர்களும் ஞாயித்துக்கிழமை காலையில வைத்திக்குப்பத்துல பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். அங்க கொடி கட்டறதில்ல, போட்டோ எடுக்கிறதில்ல. அஞ்சாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் பதினாலு பிள்ளைங்க. மூணு பழைய டேப்லெட். ரெண்டு, கொரோனா ஆன்லைன் வகுப்புக்கு சொந்தக்காரங்க வாங்கி அப்புறம் பீரோவுல கிடந்தது. மூணாவது, மூலையில கண்ணாடி விரிசல் விட்டது.

முதல் வாரம் ஒரு கல்விச் செயலியை ஏத்தினோம். உள்ளே போகணும்னா மொபைல் எண் கேட்டுச்சு. ஒரு ஏழாம் வகுப்புப் பொண்ணோட அம்மா நம்பரைப் போட்டோம். ஓடிபி அம்மா போனுக்குப் போச்சு. அந்த அக்கா பெரிய மார்க்கெட்டுல மீன் விக்கிறவங்க. ஞாயித்துக்கிழமை காலையில மீன் கடையில போன் எடுக்க முடியுமா? நாலு தடவை அடிச்ச பிறகு எடுத்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். "ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களே தம்பி"ன்னாங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி! என்கிட்ட பதில் இல்ல.

அன்னிக்கு ஒரு மணி நேர வகுப்புல, உள்நுழையறது, அப்டேட் ஆகறது, சார்ஜர் தேடுறதுன்னு பாதிக்கு மேல போயிடுச்சு. அதுல இருந்து ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு வாரமும் எந்தச் செயலி, எத்தனை நிமிஷம் வீணாச்சு, எத்தனை நிமிஷம் பாடம் நடந்துச்சுன்னு எழுதி வச்சோம்.

நல்லதும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். ஜியோஜீப்ரான்னு ஒரு இலவசச் செயலி இருக்கு. முக்கோணத்தோட முனையைப் பிடிச்சு எந்தப் பக்கம் இழுத்தாலும் மூணு கோணத்தோட கூட்டல் 180 டிகிரியிலயே நிக்கும். போர்டுல பத்து முக்கோணம் வரைஞ்சு காட்டினாலும் நம்பாத பையன், விரலால இழுத்து இழுத்துப் பார்த்துட்டு "எப்படிண்ணா மாறவே மாட்டேங்குது?"ன்னு கேட்டான். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் பாடங்கள்ல பேட்டரி, பல்ப், ஒயரை இணைச்சு மின்சுற்று செய்யலாம். ஒரு தடவை இறக்கி வச்சுட்டா நெட் வேண்டாம். கூகுளோட ரீட் அலாங், பிள்ளை தமிழ்ல சத்தமா வாசிக்கிறதைக் கேட்டு, தடுமாறுற வார்த்தையை எடுத்துச் சொல்லும்.

இன்னொண்ணும் கவனிச்சோம். ஒருத்தனுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தா அமைதியா உட்கார்ந்து கண்டதையும் தட்டிக்கிட்டு இருக்கான். ரெண்டு பேருக்கு ஒண்ணு கொடுத்தா சண்டை போட்டுக்கிட்டே விடையைப் பத்திப் பேசுறாங்க.

தோத்ததுக்கும் ஒரு உதாரணம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன். செயலி அவனுக்கு எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா வீடியோவைத்தான் போட்டுச்சு. மூணு வாரம் பார்த்தான், ஒண்ணும் ஏறல. பக்கத்துல உட்கார்ந்து கேட்டப்பதான் தெரிஞ்சது, அவனுக்கு அரைக்கும் காலுக்கும் எது பெரிசுன்னே குழப்பம். அவன் நின்னுபோன இடம் நாலாம் வகுப்பு. டேப்லெட்டுக்கு அது தெரியல.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்ல

ஆகாஷ் டேப்லெட் ஞாபகம் இருக்கா? 2011 அக்டோபர் 5-ந்தேதி டெல்லியில அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். உலகத்துலயே மலிவான டேப்லெட்னு பேர். நான் அப்போ பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தேன், நமக்கும் ஒண்ணு வரும்னு நம்பினேன். 7 அங்குலத் திரை, 256 எம்பி ரேம், 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர். விரலை அழுத்தி அமுக்கினாத்தான் திரை கேட்கும். மலிவா செய்யணுங்கிற கவலை இருந்துச்சு. அதை வச்சு வகுப்புல என்ன நடக்கணும்னு யாரும் முடிவு பண்ணல. அடுத்த வருஷம் ஆகாஷ் 2 வந்துச்சு, அப்புறம் பேச்சே இல்ல.

வெளிநாட்டுலயும் இதே கதை. பெரு நாட்டுல லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைங்களுக்கு லேப்டாப் கொடுத்தாங்க. 319 கிராமப் பள்ளிகள்ல ஆய்வு செஞ்சு 2012-ல முடிவை வெளியிட்டாங்க. கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் முன்னேற்றம் எதுவும் தெரியல. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2013-ல எல்லா மாணவருக்கும் ஐபேட்னு ஆரம்பிச்சது. சில வாரத்துலயே பிள்ளைங்க அதோட பூட்டை உடைச்சு விருப்பப்பட்ட தளங்களுக்குப் போயிட்டாங்க. 2014-ல ஒப்பந்தத்தையே கைவிட்டாங்க. பணக்கார ஊருக்கே இந்த நிலைமை.

அப்போ எதுவுமே வேலை செய்யாதா? செய்யும். டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு மென்பொருளை பள்ளி முடிஞ்ச பிறகு நடக்கிற மையங்கள்ல பயன்படுத்திப் பார்த்தாங்க. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் ரெண்டு பேரும் செஞ்ச அந்த ஆய்வு 2019-ல வெளியாச்சு. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க கணக்குல சராசரியா ரெண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தாங்க. அந்த மென்பொருள் வகுப்பு எண்ணைப் பார்க்கல, பிள்ளை எங்க நிக்குதோ அங்கிருந்து ஆரம்பிச்சது. பாதி நேரம் கணினி, பாதி நேரம் சின்னக் குழுவா ஆசிரியரோட பாடம். நாலரை மாசத்துல அந்தப் பிள்ளைங்க கணக்குல மத்தவங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு முன்னேறினாங்க.

நம்ம எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தேவைப்பட்டது இதுதான். அவனுக்குக் கருவி கிடைச்சது, நாலாம் வகுப்புக்குத் திரும்பிப் போற வழி கிடைக்கல.

புதுச்சேரிக்கு இது ஏன் இப்போ அவசரம்?

2023-24 கல்வியாண்டுல நம்ம அரசுப் பள்ளிகள்ல 6 முதல் 9 வரைக்கும், 11-க்கும் சிபிஎஸ்இ வந்தது. அடுத்த வருஷம் 10, 12. அதுவரைக்கும் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹே கேரளா, ஏனாம் ஆந்திரா. சிபிஎஸ்இ வந்தப்போ என்சிஇஆர்டி பாடநூல் தமிழ்ல இல்ல. "ஒளிச்சேர்க்கை"ன்னு படிச்ச பிள்ளை திடீர்னு "ஃபோட்டோசிந்தசிஸ்"னு படிக்குது. பாடமும் புதுசு, மொழியும் புதுசு. வீட்டுல சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, டியூஷனுக்குக் காசு கிடையாது.

இங்கதான் ஒரு நல்ல செயலி கைகொடுக்கும். தமிழ்நாட்டு அரசு 2023 ஜூலையில மணற்கேணி செயலியை வெளியிட்டுச்சு. 6 முதல் 12 வரைக்கான பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோக்களா, தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் இலவசமா கொடுக்குது. "அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டமாச்சே, நமக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். ஒளிச்சேர்க்கைக்கு போர்டு கிடையாது தோழர்களே! இலை எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் சமைக்குது. எந்த வீடியோ எந்த என்சிஇஆர்டி பாடத்துக்குப் பொருந்தும்னு நம்ம ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டா போதும். பிள்ளை முதல்ல தமிழ்ல புரிஞ்சுக்கும், அப்புறம் ஆங்கிலத்துல எழுதும். இதுக்கு ஆகுற செலவு சில ஆசிரியர்களோட கோடை விடுமுறைப் படிதான்.

நம்ம மாஹேயைச் சுத்தி இருக்கிற கேரளாவைப் பாருங்க. 2001-லயே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. கட்டணம் கட்ட வேண்டாத கட்டற்ற மென்பொருளுக்கு மாறினாங்க. பயிற்சி கொடுத்தது வெளியில இருந்து வந்த கம்பெனி ஆளுங்க இல்ல, ஆசிரியர்கள்ல இருந்தே தேர்ந்தெடுத்தவங்க. 2020 அக்டோபர்ல 4,752 பள்ளிகள்ல 45,000 வகுப்பறை ஹைடெக் ஆச்சுன்னு அறிவிச்சப்போ, அதுக்குப் பின்னாடி இருபது வருஷ உழைப்பு இருந்துச்சு. தமிழ்நாடும் 2024-ல டேப்லெட்டை மாணவருக்கு முன்னாடி ஆசிரியருக்குத்தான் கொடுத்துச்சு.

"அப்போ ஏழைப் பிள்ளைங்க காத்திருக்கணுமா?"

இது நியாயமான கேள்வி. தனியார் பள்ளிப் பிள்ளை கையில டேப்லெட்டோட சுத்துது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் "சோதிச்சுப் பார்ப்போம்"னு சொல்றது என்ன நீதி?

நலத்திட்டங்களை "இலவசம்"னு கிண்டல் பண்றவங்களோட நான் சேர மாட்டேன். இலவச சைக்கிள் எத்தனை பொண்ணுங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா சைக்கிளுக்கு ஓடிபி கிடையாது. மிதிச்சா போகும். பஞ்சர் ஆனா தெருமுனையில ஒட்டிக்கலாம். டேப்லெட் அப்படி இல்ல. கடலோரத்து உப்புக் காத்துல சார்ஜிங் பின் கொஞ்ச நாள்ல பச்சை பிடிச்சுடுது. யார் சரி பண்ணுவாங்க? எந்தச் செயலி, எந்தப் பாடம், யார் சொல்லிக் கொடுப்பாங்க? பதில் இல்லாம கொடுத்தா, விழா மேடையில போட்டோ எடுத்ததோட அது பீரோவுக்குப் போகும். அப்புறம் "கொடுத்தோமே, படிக்கலையே"ன்னு பழியைப் பிள்ளை மேல போடுவாங்க. எனக்குப் பயம் இதுதான்.

அதனால வருஷக்கணக்கா தள்ளிப் போடச் சொல்லல. ஒரே ஒரு பருவம் சோதிங்கன்னு சொல்றேன். எப்படி?

1. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்னு நாலு பகுதியிலயும் சேர்த்து இருபது அரசுப் பள்ளி. பத்துல டேப்லெட்டோட, பத்துல இப்ப இருக்கிறபடியே. ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒரே தேர்வு. முடிவு எப்படி வந்தாலும் மக்கள் பார்வைக்கு வைக்கணும்.

2. செயலியைத் தேர்ந்தெடுக்கிறது ஆசிரியர்கள். டெண்டர் எடுத்த கம்பெனி இல்ல.

3. நெட் இல்லாம ஓடணும். பிள்ளையோட பதிவு எண் பள்ளியிலயே இருக்கணும். அம்மா போனுக்கு ஓடிபி போகக் கூடாது.

4. தமிழும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். பிள்ளை நிக்கிற இடத்துல இருந்து பாடம் ஆரம்பிக்கணும்.

5. ஆசிரியருக்கு டேட்டா என்ட்ரி வேலை கூடக் கூடாது. செயலியில பதிவேத்தறதுக்கே நேரம் போகுதுன்னு ஆசிரியர்கள் ஏற்கெனவே புலம்புறாங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் எந்தப் பிள்ளை எதுல தடுமாறுதுன்னு ஒரு பக்கத் தாள் ஆசிரியர் கைக்கு வந்தா, அதுதான் நல்ல செயலி.

6. பிள்ளைங்க தகவல் பத்திரமா இருக்கணும். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2022-ல 49 நாடுகள்ல பயன்படுத்தின 164 கல்வித் தளங்களை ஆராய்ஞ்சு, பத்துல ஒன்பது பிள்ளைங்க தகவலை ஆபத்துல விடுதுன்னு சொல்லுச்சு. நம்ம நாட்டுல 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேணும்னு சொல்லுது. அந்தச் சம்மதத்தைப் புரியற தமிழ்ல கேளுங்க.

7. பழுதுபார்க்க, பேட்டரி மாத்த தனியா நிதி. வாங்குற அன்னிக்கே ஒதுக்கணும்.

இது ஆள்றவங்களுக்கு வைக்கிற கோரிக்கை மட்டும் இல்ல, நம்ம கட்சிக்கும் சேர்த்துத்தான். நம்ம அறிக்கையில "எல்லோருக்கும் டேப்லெட்"னு ஒரு வரி எழுதுறது ரொம்ப சுலபம், போஸ்டர் டிசைன் நானே ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன். "ஒரு பருவம் சோதிப்போம், பலன் வந்தா எல்லாப் பள்ளிக்கும் கொண்டு போவோம்"னு எழுதினா கைதட்டல் கொஞ்சம் கம்மியாத்தான் விழும். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு அதே வீட்டு வாசல்ல தலை நிமிர்ந்து நின்னு ஓட்டு கேட்கலாம்.

போன ஞாயித்துக்கிழமை அந்த மீன்காரக்கா மார்க்கெட் முடிச்சுட்டு, கூடையோட எங்க வகுப்பு வாசல்ல வந்து நின்னாங்க. பொண்ணு உள்ளே டேப்லெட்டோட உட்கார்ந்திருந்தா. கொஞ்ச நேரம் பார்த்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "இதுல என் பொண்ணு என்ன கத்துக்கிட்டான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

நான் எங்க நோட்டைப் பிரிச்சு, அவங்க பொண்ணு பேர் இருக்கிற பக்கத்தை வாசிச்சுக் காட்டினேன். பதினாலு பிள்ளைங்களுக்கு அது எங்களால முடியுது. மாநிலம் முழுக்க இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது அரசோட கடமை. அந்தப் பதில் கையில இல்லாம ஒரு டேப்லெட்கூட வாங்காதீங்க.

படிச்சுட்டு உங்க தெருவுல இருக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருத்தருக்காவது அனுப்புங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அறிக்கைக் குழுவுக்கு நான் கொண்டு போறேன்.

#முதலில்_ஒரு_பருவம்
#அரசுப்பள்ளி_நம்பள்ளி