டேட்டா சென்டருக்கும் ஒரு த்ரீ ஃபேஸ் நேரம்

கரண்டு இருக்கும்போதே வேலையை முடிச்சுக்கணும்ங்கிறது நம்ம சேலம், நாமக்கல் பக்கம் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இல்லை. தோட்டத்துக்கு த்ரீ ஃபேஸ் பகல்ல கொஞ்சம், ராத்திரி கொஞ்சம்னு மொத்தம் 9 மணி நேரம்தான் வந்த காலத்துல, கரண்டு வந்ததும் மோட்டார் ஓடும், தொட்டி நிறையும். கரண்டு போன பிறகு தொட்டித் தண்ணியை மடை திறந்து பாய்ச்சிக்குவாங்க. வீட்டு லைட்டும் ஃபேனும் பாட்டுக்கு சிங்கிள் ஃபேஸ்ல ஓடிட்டு இருக்கும். அதாவது ரெண்டு வகை லோடு. ஒண்ணு காத்திருக்கும், இன்னொண்ணு காத்திருக்காது.

டேட்டா சென்டருக்குள்ள போய்ப் பார்த்தாலும் இதே ரெண்டு வகைதான். நீங்க டீக்கடையில ஸ்கேன் பண்ணி 12 ரூபாய் அனுப்புறது காத்திருக்காத லோடு. ஆனா பேக்கப் எடுக்கிறது, அப்லோட் ஆன வீடியோவை நாலு தரத்துல மாத்தி வைக்கிறது, மாசக் கடைசிக் கணக்கு ஓட்டுறது, மாடல் ட்ரெயின் பண்றது, இதெல்லாம் ஆறு மணி நேரம் தள்ளி நடந்தா ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை. 2020-ல கூகுள் செஞ்சது இதைத்தான். காத்திருக்கக்கூடிய வேலைகளை, கிரிட்ல காத்து கரண்டும் சோலார் கரண்டும் அதிகமா இருக்கிற நேரத்துக்குத் தள்ளி வெச்சாங்க. அதுக்கு 'கார்பன் அவேர் கம்ப்யூட்டிங்'னு பேரும் வெச்சாங்க. நம்ம ஊர் கெணத்து மேட்டுல அதுக்குப் பேரே கிடையாது. என்னோட கருத்து இதுதான்: தமிழ்நாட்டு டேட்டா சென்டர்கள் மலிவாகவும் பசுமையாகவும் ஓடணும்னா, இன்னும் நாலு சர்டிஃபிகேட் வாங்குறதை விட இந்தப் பழக்கத்தைக் கத்துக்கிறதுதான் முதல் வேலை.

சர்டிஃபிகேட் மேல ஏன் இவ்வளவு கோபம்னு கேட்பீங்க. ஒரு கம்பெனி வருஷத்துக்கு இத்தனை யூனிட் சோலார் வாங்கினோம், ஆகவே நூறு சதவீதம் பசுமைன்னு சொல்லும். கணக்குப் புத்தகத்துல அது சரி. ஆனா ராத்திரி 8 மணிக்கு அந்த சர்வருக்கு சோலார் எங்கிருந்து வரும்? சாயங்காலம் 6 மணிக்கு மேல சோலார் படுத்துடும். அதே நேரத்துலதான் வீடு, கடை, டிவி, ஏசி எல்லாம் எழுந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப அணை மதகையும் திறக்கணும், நிலக்கரியையும் கூட்டி எரிக்கணும். நம்ம மேட்டூர் அனல் மின் நிலையத்துல 210 மெகாவாட் யூனிட் நாலு, 600 மெகாவாட் யூனிட் ஒண்ணு, ஆக 1440 மெகாவாட். வருஷக் கணக்குல பசுமையா இருக்கிற சர்வரும் ராத்திரி எட்டு மணிக்கு அந்த நிலக்கரியில பங்கு கேட்டுட்டுத்தான் நிக்குது. அதனாலதான் மணிக்கு மணி கணக்குப் பார்க்கணும்னு இப்போ பேச்சு வந்திருக்கு. கூகுளே 2030-க்குள்ள 24 மணி நேரமும் கார்பன் இல்லாத கரண்டுல ஓடணும்னு இலக்கு வெச்சிருக்கு.

நம்ம மாநிலத்துக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லலை. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு கணவாய்கள் வழியா அடிக்கிற காத்துக்கு ராத்திரி பகல் தெரியாது. ஆனா ராத்திரியில தேவை குறையும்போது 'நிறுத்துங்க'ன்னு உத்தரவு வர்றதா காற்றாலைக்காரங்க வருஷக்கணக்கா புலம்பியிருக்காங்க. சுத்தற காத்தாடியை நிறுத்தி வைக்கிறதும் பாயுற வாய்க்காலைக் கடல்ல விடறதும் ஒண்ணுதான். இன்னொரு பக்கம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில மட்டும் 2016-ல இருந்து 648 மெகாவாட் சோலார் இருக்கு. அது நண்பகல் கரண்டு. ஆக, காத்து காலத்துல ராத்திரியும் வேலை ஓட்டலாம். மத்த மாசங்கள்ல பகல் 10 மணியிலிருந்து 4 மணிதான் நல்ல நேரம். எந்த மாசமா இருந்தாலும் சாயங்காலம் 6 முதல் 10 வரை ராகு காலம். இந்தப் பஞ்சாங்கத்தை நிரலா எழுத ஒரு செகண்ட் இயர் பையனால முடியும்.

அடுத்து இடம். டேட்டா சென்டர் எல்லாம் ஏன் சென்னையில, அம்பத்தூர்லயும் சிறுசேரியிலயும் போய் உட்காருது? கடலடி கேபிள் கரையேறுற ஊர் அது, வாடிக்கையாளர்களும் அங்கதான். 2021-ல தமிழக அரசு தனியா ஒரு டேட்டா சென்டர் கொள்கையே வெளியிட்டது. சரி. ஆனா காத்து இருக்கிறது தெற்கிலும் மேற்கிலும். கரண்டைத் தூரமா கொண்டு போகணும்னா டவர் வேணும், டவருக்கு யாரோ ஒருத்தர் தோட்டம் வேணும். சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து புகளூருக்கு 6000 மெகாவாட் கொண்டு வர்ற 800 கிலோவோல்ட் லைன் கொங்கு மாவட்டங்களுக்குள்ள வந்தப்போ, 2018, 2019-ல நம்ம விவசாயிங்க உயர் மின் கோபுரங்களை எதிர்த்து உட்கார்ந்தது உங்கள்ல பல பேர் வீட்டுக் கதையாவே இருக்கும். டவர் நிக்கிற நிலம் என்ன விலைக்குப் போகும், யார் வாங்குவாங்கங்கிறது பாடப் புத்தகத்துல வராத டிரான்ஸ்மிஷன் லாஸ்.

கரண்டுக்கு டவர் வேணும், டேட்டாவுக்கு விரல் தடி கண்ணாடி இழைக் கேபிள் போதும். ஃபைபருக்குள்ள ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். திருநெல்வேலியில இருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டர்னு வெச்சாலும் 3 மில்லி செகண்ட். வழியில இருக்கிற ஸ்விட்ச்சை எல்லாம் சேர்த்து இன்னும் கொஞ்சம். வீடியோ மாத்துற வேலைக்கு இது ஒரு தாமதமே இல்லை. அதனால காத்திருக்கக்கூடிய வேலைக்கான மெஷின்களை காத்தாடி பக்கத்துலயே வைக்கலாமே! காத்திருக்காத லோடு சென்னையிலேயே இருக்கட்டும்.

இங்க ஒரு எதிர்க்கேள்வி வரும், நியாயமான கேள்வி. ஜி.பி.யூ. விலை லட்சக்கணக்குல. அதை வாங்கி, வெயில் அடிக்கும்போது மட்டும் ஓட்டினா முதலாளிக்குக் கட்டுமா? கட்டாது. கரண்டு செலவுல மிச்சம் பிடிக்கிறதை விட மெஷின் சும்மா கிடக்கிற நஷ்டம் பெரிசு. அதனால எல்லாத்தையும் நிறுத்தி வைன்னு நான் சொல்லலை. சாயங்காலம் ஜனங்க போனைத் தூக்கற நேரம். நேரடி வேலை தானாவே ஏறும். அந்த நாலு மணி நேரம் மெஷின்கள் அதைப் பார்க்கட்டும், பேட்ச் வேலை ஒதுங்கி நிக்கட்டும். நண்பகல்ல பேட்ச் வேலை உள்ள வரட்டும். மெஷினும் சும்மா இருக்காது, நிலக்கரியும் குறையும். இப்போ நடக்கிறது என்னன்னா, யாரோ என்னிக்கோ பேக்கப்பை ராத்திரி 2 மணின்னு க்ரான்ல போட்டாங்க, இன்னும் ரெண்டு மணிக்கே ஓடுது. பழக்கதோஷம்.

நம்ம லேபுக்கு வருவோம். ஒரு ஜி.பி.யூ. மெஷின் 500 வாட் இழுக்குதுன்னா 12 மணி நேர ட்ரெயினிங்குக்கு 6 யூனிட். நம்ம கிரிட் சராசரியில யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, ஆக 4 கிலோவுக்கு மேல. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி பத்து டீம் இதை ஓட்டும். ஆனா மாடியில சோலார் போட்ட காலேஜ்ல ஞாயித்துக்கிழமை மதியம் போய்ப் பாருங்க: லேப் பூட்டியிருக்கும், பேனல் மட்டும் தன்பாட்டுக்குக் கறந்துட்டு இருக்கும். ஞாயிறு காலை 10 மணிக்கு ஜாப் தானா ஆரம்பிக்கிற மாதிரி க்யூ போட்டு, சாயங்காலம் 4 மணிக்கு செக்பாயிண்ட் எழுதிட்டு நிக்கிற மாதிரி வெச்சா போதும். மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடற ஜூனியர்ஸ் இதை எடுத்துக்கலாம்.

ஆனா பெரிய டேட்டா சென்டரை நகர்த்தணும்னா அறிவுரை பத்தாது, பில்லு பேசணும். 2022-ல தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட கட்டண ஆணையில, உயர் அழுத்த இணைப்புக்குக் காலை 6–10, மாலை 6–10 மணிக்கு 25 சதவீதம் கூடுதல். ராத்திரி 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. உச்சி வெயில் நேரத்துக்குத் தள்ளுபடி இல்லை. சோலார் வர்றதுக்கு முந்தின காலத்து யோசனை இது. அடுத்த வருஷமே, 2023 ஜூன்ல, மத்திய அரசு விதியைத் திருத்தி, சோலார் நேரக் கட்டணம் வழக்கத்தை விடக் குறைஞ்சது 20 சதவீதம் கம்மியா இருக்கணும்னு சொல்லியாச்சு. அந்த 20 சதவீதம் சிறுசேரிக்காரங்களுக்கு மட்டும் லாபம் இல்லை, நம்ம ஊர் ஸ்பின்னிங் மில்லும் சேகோ ஆலையும் ஷிஃப்ட்டை மாத்திக்கும்.

2012-ல சென்னைக்கு 2 மணி நேரமும் நம்ம மாவட்டங்களுக்கு 10 மணி நேரத்துக்கு மேலயும் கரண்டு போனதை உங்க வீட்டுத் தறிக்காரங்களைக் கேளுங்க. ராத்திரி எட்டு மணிக்குப் பற்றாக்குறைன்னு மறுபடி ஒரு நிலைமை வந்தா, டேட்டா சென்டர் ஃபீடரை யாரும் தொட மாட்டாங்க. பள்ளிபாளையம் ஃபீடரைத் தொடுவாங்க. கட்டணத்தை மாத்தும்போது ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும். 2022 ஆகஸ்ட்ல கோவை, மதுரை, சென்னையில கூட்டம் நடந்தது. அடுத்த தடவை அறிவிப்பு வரும்போது சோலார் நேரக் கட்டணம் கேட்டு நம்ம டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு மனு போகட்டும். வரைவு எழுத ஆள் வேணும், ட்ரிபிள் ஈ பசங்க முன்னாடி வாங்க.