கொசு ஒழிப்புப் பணியாளர் பெல் அடிக்கிறார்... கதவைத் திறக்கிறோமா?

காலை 11 மணி. வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங். காலிங் பெல் அடிக்கிறது. வாசலில் கையில் டார்ச்சோடு மாநகராட்சிப் பணியாளர் ஒருவர். "தண்ணித் தொட்டி பாக்கணும் மேடம்." "இப்ப பிஸி, அப்புறம் வாங்க." கதவு மூடிக்கொள்கிறது. மாலையில் அதே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்: "நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் புகை அடிக்க வர மாட்டேங்கிறாங்க?"

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் இந்தக் காட்சி சகஜம். ஆனால், டெங்குவைத் தடுப்பதில் அந்தப் புகையைவிட இந்தப் பெல்லுக்குத்தான் மதிப்பு அதிகம்.

புகை மட்டும் போதாதா?

போதாது. புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. மூடாத சம்ப், மொட்டை மாடியில் கிடக்கும் டயர், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்க ட்ரே எனத் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதன் வீடு. முட்டை கொசுவாக மாற சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். சும்மா கொட்டினால் பத்தாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் பறப்பதும் இல்லை. அப்படியானால் உங்கள் வீட்டுத் தொட்டியில் பிறக்கும் கொசு யாரைக் கடிக்கும்? உங்கள் குழந்தையை, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தாத்தாவை. கதவைத் திறப்பதும் திறக்காததும் 'என் இஷ்டம்' என்று சொல்ல முடியாதது இதனால்தான். கொசு உற்பத்திக்கு இடம் தருபவர்மீது நடவடிக்கை எடுக்க 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

காய்ச்சல் வந்துவிட்டால்?

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆபீஸ் கிளம்புவதுதான் நம்மில் பலரின் வழக்கம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். நிறைய நீராகாரம் குடிக்க வேண்டும். பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். முதல் 5 நாட்களுக்குள் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் பரிசோதனை.

முக்கியமான விஷயம்: காய்ச்சல் குறைந்ததும் 'சரியாயிடுச்சு' என்று நினைக்காதீர்கள். 3 முதல் 7-ம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அதீத சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, சென்னை மாநகராட்சியில் புகார் செய்ய 1913. இந்த மூன்று எண்களையும் இப்போதே போனில் சேமித்துவிடலாம்.

துறையும் மாற வேண்டும்

பொறுப்பு முழுவதையும் மக்கள் தலையில் கட்டிவிடவும் முடியாது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் வார நாள் காலை 11 மணிக்கு யார் இருப்பார்கள்? பூட்டிய வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ மறுபடி வர வேண்டும். வருபவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தனியாக இருக்கும் பெண்களின் தயக்கம் நியாயமானதே. வார்டு வாரியாகக் காய்ச்சல் நிலவரத்தை வாரந்தோறும் மொபைலில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பக்கத்துத் தெருவில் டெங்கு என்று தெரிந்தால், யாரும் சொல்லாமலே மாடிக்குப் போய் டயரைத் தூக்கிப் போடுவோம்.

டெங்கு, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். தனியார் கிளினிக்குகள் அதை மறைக்கவோ தாமதிக்கவோ கூடாது. தகவல் போனால்தான் அந்த வீட்டைச் சுற்றி உடனடியாகக் கொசுப்புழு தேட முடியும்.

மழையும் தினக்கூலியும் பார்க்காமல் படியேறி வருகிறவருக்கு நாம் தர வேண்டியது 5 நிமிடம்தான். மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டுக் கதவைத் திறங்க. சம்ப் மூடியையும் சேர்த்துத் திறந்து காட்டுங்க.