இன்று என் பாடு

இருபத்தைந்தாம் தேதி தாண்டினால் நம்மில் பலருக்குப் பக்தி பொங்கும். பர்ஸில் பஸ் காசு மட்டும் இருக்கும்போது பிள்ளையார், மாதா, தர்கா எல்லாரும் நெருங்கிய சொந்தம். ஒண்ணாம் தேதி சம்பளம் விழுந்ததும் அவர்களுக்கு லீவு கொடுத்துவிடுவோம். இதற்குப் பெயர் மாதச் சம்பள பக்தி.

தினச் சம்பள பக்தி என்று ஒன்று உண்டு. சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போனால் பார்க்கலாம். நான் இறால் வாங்கத்தான் போனேன். பேச்சு ஆண்டவர் பக்கம் போய்விட்டது.

பெயர்தான் ஏரி, தண்ணீர் உப்பு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு வாசல், முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏரிக்குள் வந்து வளரும். மணல் மூடி வாசல் அடைத்துக்கொண்டால் குஞ்சு வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. அந்த வாசலை நம்பித்தான் பல குப்பங்களில் அடுப்பு எரிகிறது.

கிறிஸ்தவம் இங்கே புதுசு இல்லை. போர்ச்சுக்கீசியர் காலத்து மகிமை மாதா ஆலயத்துக்கு 1515 என்று வருடம் சொல்கிறார்கள். பிறகு வந்த டச்சுக்காரர்கள் 1613ல் ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது. அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. மாதா கோயிலில் பூசை இன்னும் நடக்கிறது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"முகத்துவாரம் அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க அய்யா?"

"ஜெபம் பண்ணுவோம் தம்பி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? மம்பட்டி எடுத்துக்கினு போயி வெட்டுவோம்."

கிண்டல் இல்லை. அடைத்த முகத்துவாரத்தை மீனவர்களே திரண்டு போய் வெட்டித் திறந்தது பல முறை நடந்திருக்கிறது. ஜெபத்தையும் மம்பட்டியையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நாமானால் இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டிமன்றமே வைப்போம்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ பெரியவர்கள் அதன் சின்ன மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துப் போய்க் கும்பிடுவது உங்களுக்குத் தெரியும். கணக்கைப் பாதியில் வைத்துவிட்டுப் போவதில்லை சார், போட்டு முடித்துவிட்டுத்தான் போகிறார்கள். பெரியவரும் இதே கட்சி.

பைபிளிலும் அப்படித்தான். பேதுருவுக்கு ஒரு ராத்திரி முழுக்க ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. காலையில் இயேசு வந்தபோது அவரும் கூட்டாளிகளும் என்ன செய்தார்கள்? வெறும் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். மீன் இல்லாத நாளிலும் வலையை அலசி வைப்பவனுக்கு நாளை மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். வலை படபடவென்று நிறைந்தது அப்புறம்தான்.

எல்லாக் கதையும் இப்படிச் சுபமாக முடிவதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி இந்தக் குப்பங்களையும் விடவில்லை. வேளாங்கண்ணியில் கும்பிட வந்தவர்களையே அள்ளிக்கொண்டு போனது. 2011 கிறிஸ்துமஸ் அன்றைக்கு இதே பழவேற்காட்டில், சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

"அப்ப ஆண்டவர் எங்கே இருந்தார்னு கேட்டீங்களா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

அவர் கோபப்படவில்லை. "கேட்டேன் தம்பி. இன்னும் கேட்டுக்கினுதான் இருக்கேன். பதில் வரல. கேக்கறதுக்கு ஒருத்தர் இருக்காரே, அது போதும்."

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் நாலாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. நடு ஏரியில் புயல். படகுக்குள் தண்ணீர். இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் பாட்டுப் பாடி எழுப்பவில்லை. 'நாங்கள் சாகிறோம், உமக்குக் கவலையே இல்லையா' என்கிற மாதிரி சண்டைதான் போட்டார்கள். அதில் பரம்பரை மீனவர்களும் இருந்தார்கள், பயம் நிஜமானதாகத்தான் இருக்கும். அவர் முதலில் காற்றை அடக்கினார். 'ஏன் பயந்தீர்கள்' என்று கேட்டது அப்புறம். சண்டை போட்டதற்காக யாரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லை.

கிளம்பும்போது ஒரு வார்த்தை கற்றுக்கொண்டேன், பாடு. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை ஒருவரே வளைத்துக்கொள்ளாமல், முறை வைத்து வலை போடுவதற்கு இங்கே அந்தப் பெயர். இதில் இடம் கிடைக்காத குப்பங்களின் மனத்தாங்கலும் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு பட்ட துன்பத்தையும் பாடு என்றுதான் சொல்கிறார்கள். முறைக்கும் துன்பத்துக்கும் ஒரே வார்த்தை. இன்று என் பாடு, நாளை உன் பாடு. உன் முறை வரும்வரை பக்கத்துப் படகைப் பார்த்து வயிறெரியாமல் இரு, வரும்போது வலை கிழிசல் இல்லாமல் இரு.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் சாப்பாடு இன்றைக்கு மட்டும்தான் கேட்கப்படுகிறது. பி.எஃப்., இன்கிரிமென்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நமக்கு அது கொஞ்சம் கம்மியாகத் தெரியும்.

பெரியவருக்குச் சரியாக இருக்கிறது.